ஊர்ப் பெயரும் ஊர்க் கழகமும்

நம் ஊர்ப் பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதனைப் பிரித்துக் காட்டுமாறு மாணவரைக் கேட்பது எமது நெடுநாள் வழக்கம். நல் + பிட்டி + முனை எனப் பிரித்து, வல்லினம் வருங்கால் லகரம் றகரமாயிற்று என அவர் விதி கூறுவர். பிட்டி என்பது மேட்டு நிலம். முனை என்பது நீரையோ வயலையோ நோக்கி நீண்ட நிலம். பொருள் இனிது பொருந்துதலின் பாடத்தை அவ்வளவில் முடித்து வந்தோம்.

ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் நற்பட்டிமுனை என்றல்லவா சொல்கிறார்கள்? பட்டி என்றால் மாடு அடைக்கும் இடந்தானே?" என்றான். யாம் சற்றே திகைத்தோம். நல் + பட்டி என்பதும் நற்பட்டி என்றே புணரும். மாட்டுப்பட்டி என்பது இப்பகுதியில் இன்றும் வழங்கும் சொல். ஆகவே இலக்கணம் இரண்டுக்கும் இடங்கொடுக்கின்றது. எது முந்தியது எனத் தீர்க்க இலக்கணம் போதாது. பழைய காணி உறுதிகளும், கோயிற் கணக்குகளும், பள்ளிவாசற் பதிவுகளும், வயல்வட்டைகளின் பெயர்களும் அதற்கு வேண்டும். அவற்றைத் தொகுத்து வைத்தோர் யாவர்? அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஊர் வரலாற்றைத் தொகுத்தல் பேரரசுக்கும் பல்கலைக்கழகத்துக்குமே உரிய பணியெனச் சிலர் கருதுவர். அது பொருந்தாதென்பதற்குக் கரந்தைத் தமிழ்ச் சங்கமே சான்றாகும். தஞ்சை நகரின் ஒரு பகுதியாகிய கரந்தட்டாங்குடியிலே 1911ஆம் ஆண்டு அச்சங்கம் தோன்றியது. வழக்கறிஞராகிய உமாமகேசுவரம் பிள்ளை அதன் தலைவராகி, 1941இல் மறையுமளவும் அதனைப் பேணி வளர்த்தார். தமிழ்ப்பொழில் என்னும் அதன் திங்களிதழ் 1925இல் வெளிவரத் தொடங்கியது. பெயரளவில் அது தமிழ்ச் சங்கம். செயலளவில் வரலாற்றுக் கழகமாகவும் விளங்கிற்று. கல்வெட்டாராய்ச்சியிற் சிறந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் கட்டுரைகள் பல அவ்விதழில் வெளிவந்தன. அவர் கும்பகோணத்திலே கால் நூற்றாண்டளவு பள்ளித் தமிழாசிரியராயிருந்தவர். சோழர் சரித்திரம் எழுதிய அப்பெரியார் தாம் பிறந்த திருப்புறம்பயத்தின் தலவரலாற்றையும் எழுத மறந்திலர் என்பது எம்மனைய ஆசிரியர் மனத்திற் பதிக்கத்தக்கது.

அச்சங்கம் காத்த பெருஞ்செல்வம் ஒன்றுண்டு. முதலாம் இராசேந்திர சோழனுடைய செப்பேட்டுத் தொகுதியொன்று, 50க்கு மேற்பட்ட ஏடுகளையுடையது, அதன் கையை அடைந்தது. பல ஊர்களை ஒன்றாக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்தணர்க்கு அரசன் அளித்த கொடையை அவ்வேடுகள் கூறும். செம்பு விலைக்குப் போயிருப்பின் அவை இன்று குடமாகவோ குத்துவிளக்காகவோ ஆகியிருக்கும். சங்கம் அவற்றைப் போற்றி வைத்தமையால் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1984இல் அவற்றை நூலாக்கியது. அந்நூலின் தலைப்பிலேயே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் பெயர் நிலைபெற்றுள்ளது.

அச்சங்கத்துக்கும் நம் கரைக்கும் உறவுண்டு. நமக்கு அயலூராகிய காரைதீவில் 1892இல் தோன்றி, கல்முனையில் இளமைக் கல்வி பயின்ற சுவாமி விபுலானந்தரின் யாழ் நூலை 1947இல் வெளியிட்டது அதுவே. அவ்வாண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். நூல் சற்றே பிந்தியிருப்பின் ஆசிரியர் அதனை அச்சிற் கண்டிரார். காலத்தோடு செய்த உதவியின் பெருமை இதனால் விளங்கும்.

நம் பகுதியில் முயற்சியே இல்லையெனல் தகாது. 1921இல் எஸ். ஓ. கனகரத்தின முதலியார் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதினார். 1940இல் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1964இல் பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் வெளிவந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் தனியொருவர் உழைப்பின் பயன். தனியொருவர் உழைப்பு அவரோடு நின்றுவிடும். கழகத்தின் உழைப்போ தலைமுறை கடந்து நிற்கும். அன்றியும், மான்மியம் போன்ற பழநூலைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு நிறுத்தே கொள்ளவேண்டும். அவ்வொப்பீட்டுக்குப் பலர் தேடித் தரும் பல சான்றுகள் வேண்டும்.

காலமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. 1978இன் சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் அழித்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் கடல் கல்முனைக் கரையோரத்தில் உயிர்களையும் உறுதிகளையும் ஒருங்கே வாரிச் சென்றது. இடையிற் பல்லாண்டுப் போரும் இடப்பெயர்வும் நிகழ்ந்தன.

எமது குற்றமொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கின்றோம். முன்னாள் வட்டை விதானையார் ஒருவர், வயல்களின் பெயர்களையெல்லாம் வரம்பு வரம்பாக ஒப்புவிக்க வல்லவர், "வந்து எழுதிக்கொள்ளுங்கள், தம்பி" என்று எம்மை இருமுறை அழைத்தார். சோதனை முடியட்டும், விடுமுறை வரட்டும் என நாட் கடத்தினோம். விடுமுறை வருமுன் அவர் மறைந்தார். பட்டியோ பிட்டியோ என்னும் வினாவுக்கு விடை அவ்வயற் பெயர்களுள் இருந்திருக்கலாம். இனி யாரைக் கேட்போம்?

ஆதலின் பழைய மாணவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது: இவ்விழாவின் நினைவாக ஊர் வரலாற்றுக் கழகம் ஒன்றை நிறுவுக. பெருங்கட்டடம் வேண்டா, ஒரு பூட்டுள்ள அலுமாரியும் ஒரு பதிவேடும் தொடக்கத்துக்குப் போதும். முதலாவது, எண்பது வயது கடந்தோர் கூற்றை, கூறியவர் பெயரும் நாளும் குறித்து எழுதுக. இரண்டாவது, காணி உறுதிகளை உடையவரிடமே விட்டுப் படியெடுத்துக்கொள்க. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியுமுன் நம் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால், கச்சேரிப் பதிவுகளை அப்பெயரிலே தேடுக. மூன்றாவது, எழுதியவற்றின் படியொன்றை வேறோரிடத்தும் வைக்குக. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை இணையத்திற் சேர்த்துவரும் நூலகம் அமைப்பு அதற்கு நல்ல துணையாகும்.

நான்காவது தலையாயது. இக்கழகம் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அமர்வதாக இருத்தல் வேண்டும். தாய்வழி வரும் குடிமுறை இக்கரையில் இருசாராரிடத்தும் உண்டு. அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க அறிஞர் 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துக் காட்டியுள்ளார். ஒரே வட்டையில் வரப்படுத்து உழுதோரின் வரலாற்றைப் பாதி ஏட்டில் எழுதுதல் இயலாது. கோயிற் கணக்கில் இல்லாத செய்தி பள்ளிவாசற் பதிவில் இருத்தலுங் கூடும்.

அம்மாணவனுக்கு யாம் அன்று கூறிய விடை, "தேடிப் பார்ப்போம்" என்பதே. அவன் இன்று பழைய மாணவருள் ஒருவன். இம்மலரை வாசிப்பான் என நம்புகின்றோம். தேடுவதற்கு அவனையும் அழைக்கின்றோம். இம்முறை விடுமுறை வரும்வரை காத்திரோம்.