நமக்கு இனிக்கும் கதையையும் சோதிப்போம்

அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில், கிளெண்டலாக் என்ற பழைய கிறிஸ்துவ மடத்தில் ஒரு வட்டக் கற்கோபுரம் நிற்கிறது. உயரம் சுமார் 30 மீட்டர். வாசலோ தரைக்கு 3.5 மீட்டர் மேலே!

ஏன்? வைக்கிங் கொள்ளையர் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளத்தான் என்பது ஊர்க்கதை. ஆனால் 950-இல் ஸ்லேன் ஊர்க் கோபுரத்தை எரித்தபோது உள்ளே இருந்தவர்கள் தப்பவில்லை. பொறியியல் படிக்கிற எனக்கு இன்னொன்று தோணுது: இந்தக் கோபுரங்களுக்கு அஸ்திவாரம் ஆழமில்லை. அடிச்சுவரில் வாசல் வைக்காவிட்டால் பலம் கூடும்.

1834-இல் ஹென்றி ஓ'பிரையன், இவை கிழக்கிலிருந்து வந்த லிங்க வழிபாட்டுச் சின்னங்கள் என்று புத்தகமே எழுதினார். வாட்ஸ்அப்பில் வந்தால் நாம உடனே பகிர்ந்திடுவோம், இல்லையா? ஆனால் 1845-இல் ஜார்ஜ் பெட்ரி பழைய ஏடுகளையும் கட்டடங்களையும் ஆராய்ந்து, இவை மடங்களின் மணிக்கூண்டுகள் என்று காட்டினார். ஐரிஷ் மொழியில் இவற்றின் பெயரே 'மணி வீடு'தான்.

சிவபெருமானுக்கு இரவல் பெருமை தேவையில்லை. ஆதாரமில்லாததைப் பரப்பினால், நம் உண்மையான வரலாற்றையும் பிறர் நம்ப மாட்டார்கள்.

பயிற்சி: உங்களுக்கு வந்த அப்படி ஒரு செய்தியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேர்ந்து ஆதாரம் தேடுவோம்.