சூதாட்ட வெறிக்கு ஒரு மாத்திரை

‘போதைக்காரனுக்குக் கொடுக்கிற மாத்திரை, சீட்டாடுகிற பையனுக்கு எதற்கு?’ மனநல மருத்துவர் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்ததும் வீட்டார் மிரண்டு போவது இயல்புதான்.

நம்பிக்கை: இதுவும் ஒரு போதை மருந்து.

உண்மை: இல்லவே இல்லை. அபினும் ஹெராயினும் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை இது அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிறக்கம் தராது, பழக்கமும் ஆகாது. அமெரிக்காவில் 1984இல் ஓபியாய்டு எனும் அபின் வகைப் பொருள்களின் அடிமைத்தனத்துக்கும் 1994இல் குடிநோய்க்கும் அனுமதி பெற்றது.

நம்பிக்கை: சூதாடுபவர் எதையும் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, மருந்து எதைத் தடுக்கும்?

உண்மை: மூளை தானே சுரக்கும் எண்டார்பினை. பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் நொடியில் வரும் கிளர்ச்சியில் அதற்கும் பங்குண்டு. அதன் தூண்டுதலில் டோபமைன் என்னும் மூளை ரசாயனம் பெருகுகிறது. அந்தக் கிளர்ச்சி மழுங்கினால் உந்துதலும் தணியும் என்பதே கணக்கு. சூதாட்டத்தைப் போலவே, கையில் காசிருந்தும் தேவையே இல்லாத பொருளைத் திருடாமல் இருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கிளெப்டோமேனியா என்பது அந்த நோய். அத்தகைய 25 பேரிடம் ஆய்வாளர் ஜான் கிராண்ட் குழுவினர் 8 வாரம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. நால்ட்ரெக்சோன் சாப்பிட்டவர்களுக்குத் திருடும் உந்துதலும் திருட்டும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நன்றாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘திமிர், வளர்ப்பு சரியில்லை’ என்று இவர்களை ஏசுகிறவர்கள் அவசியம் அறிய வேண்டியது.

நம்பிக்கை: அடக்க முடியாத பழக்கம் எதுவானாலும் இது போதும்.

உண்மை: தலைமுடியைப் பிடுங்கும் கோளாறு உள்ள 51 பேரிடம் சோதித்தபோது பிடுங்குவதில் வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை. பின்லாந்தில் உந்துதல் வரும்போது மட்டும் சாப்பிடச் சொன்னபோது சூதாடிகளுக்கும் அப்படியே. ஆனால் குடிநோய் உள்ள குடும்பத்தில் பிறந்த சூதாடிகளிடம் இவ்வகை மருந்து கூடுதலாக வேலை செய்ததாகத் தெரிகிறது. சூதாட்டக் கோளாறுக்கென்றே அமெரிக்காவில் எந்த மருந்துக்கும் இதுவரை அனுமதி இல்லை. மருத்துவரின் பொறுப்பில்தான் தருகிறார்கள். உளவியல் ஆலோசனையும் கூடவே நடக்க வேண்டும்.

நம்பிக்கை: தெரியாமல் மோரில் கலந்து கொடுத்துவிடலாம்.

உண்மை: தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் அபின் வகை மருந்துகளான டிரமடாலை வலிக்கோ, கோடீன் கலந்த மருந்தை இருமலுக்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் என்று திடீரெனப் படுத்துவிடுவார். அவற்றை நிறுத்திக் குறைந்தது 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும். கல்லீரல் பரிசோதனையும் தேவை. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்பின் போன்ற வலிமருந்துகள் இதைச் சாப்பிடுபவருக்குச் சரியாக வேலை செய்யாது.