வாட்டத்தை முன்னரே காட்டும் ஒளி

பாடப்பொருள்: ஒளி எதிரொளிப்பு (உயர்நிலை வகுப்பு)

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் பகுதியில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. நன்னீர் வரத்து குறைந்து உப்பு மிகுந்தால் இளங்கன்றுகள் எளிதில் வாடும். இலை மஞ்சளாகத் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடலாம்.

செயல்பாடு: தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தச் செய்க. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, பல கைப்பேசிகளின் திரையில் தெரியும்.

விளக்கம்: நலமான இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உட்கவர்கிறது, உள்திசுக்கள் அண்மை அகச்சிவப்பை மிகுதியாக எதிரொளிக்கின்றன. இலை வாடும்போது இந்த வேறுபாடு குறைகிறது.

கணக்கு: இரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூடுதலால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நலமான இலை அகச்சிவப்பில் 50, சிவப்பில் 10 விழுக்காடு எதிரொளித்தால் 40/60 = 0.67. வாடும் இலையில் 30, 15 எனில் 15/45 = 0.33. இதுவே என்.டி.வி.ஐ. எனும் தாவரக் குறியீடு.

கலந்துரையாடல்: இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளில் உள்ள லிஸ்-3 கேமராவின் ஒரு படப்புள்ளி தரையில் 23.5 மீட்டர். அதில் ஒரு கன்று தனியே தெரியுமா? தெரியாது, சேறும் நீரும் சேர்ந்தே பதிவாகும். கன்றுகளைக் காணத் தாழப் பறக்கும் ட்ரோன் வேண்டும். வாட்டத்துக்குக் காரணம் உப்பா, பூச்சியா என்பதை அறிய, நேரில் சென்று இலையைப் புரட்டிப் பார்க்கும் மாணவரும் வேண்டும்.