மாலத்தீவு போறியா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

மாலத்தீவு போகணும்னு முடிவு பண்ணிட்டே, ரொம்ப சந்தோஷம். ஆனா தண்ணி மேல நிக்கிற வில்லா படத்தைக் காட்டி, "இதைத்தான் புக் பண்ணப் போறேன்"னு சொன்னா நான் உடனே தலையாட்ட மாட்டேன். ஊட்டியிலயோ கோவாவிலயோ ஹோட்டல் பிடிக்கலைன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடலாம். சாப்பாடு சரியில்லைன்னா முக்குக் கடையில நாலு இட்லி சாப்பிட்டுக்கலாம். மாலத்தீவுல ஒரு ரிசார்ட்னா அது ஒரு தீவு. அந்தத் தீவுல வேற கடை கிடையாது, வேற ஹோட்டல் கிடையாது, சுத்தி கடல்தான். தண்ணி பாட்டில்லேர்ந்து தலைவலி மாத்திரை வரைக்கும் அவங்க சொல்றதுதான் விலை. அதனால கேட்க வேண்டியதை எல்லாம் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

முதல் கேள்வி, ஏர்போர்ட்லேர்ந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போறது? மாலத்தீவுல சுமார் 1,190 பவளத் தீவுகள் வடக்கு தெற்கா 800 கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்கு. நீ இறங்குற வேலானா விமான நிலையமே ஹுல்ஹுலேங்கிற தனித் தீவுலதான் இருக்கு. கதவைத் தாண்டி வெளியே வந்தா கார் நிக்கிற இடத்துல படகு நிக்கும். பக்கத்துத் தீவுன்னா ஸ்பீட்போட். தூரத்துத் தீவுன்னா சீப்ளேன், இல்லேன்னா உள்நாட்டு விமானத்துல இன்னொரு தீவுக்குப் போய் அங்கேர்ந்து படகு.

சீப்ளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும். இதை நல்லா மனசுல வெச்சுக்கோ. உன் விமானம் மத்தியானம் மூணரை மணிக்கு மேல இறங்கினா அன்னிக்கு சீப்ளேன் கிடைக்கிறது கஷ்டம். தலைநகர் மாலேயிலயோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலயோ ஒரு ராத்திரி தங்கித்தான் ஆகணும், ரிசார்ட்ல அன்னிக்குக் கட்டின வாடகையும் வீணாப் போயிடும். திரும்பி வரும்போதும் இதே கதைதான். காலையில சீக்கிரமே சர்வதேச விமானம்னா முந்தின நாளே ரிசார்ட்டை விட்டுக் கிளம்பணும். சீப்ளேனுக்குப் போய்வர ஒருத்தருக்கு 400 டாலரைத் தாண்டுறது சகஜம், பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோதான் கணக்கு. புறப்படுற நேரத்தைக்கூட அநேகமா முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வாங்க.

மேலேர்ந்து பார்க்கிற அழகு பெரிய அழகுதான், அதுல சந்தேகமே இல்லை. இருந்தாலும் மூணு நாலு ராத்திரிப் பயணம்னா, வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே பவளத்திட்டுல ஸ்பீட்போட்ல போற தீவா எடுத்துக்கோ. ஒரு வாரம் தங்குறதா இருந்தா மட்டும் சீப்ளேன் தீவை யோசி. ஸ்பீட்போட்ல பின்பக்கம் உட்காரு, முன்பக்கம் அலையில தூக்கித் தூக்கிப் போடும். குமட்டல் வர்றவங்க டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக்கணும், படகு ஏறுறதுக்கு அரை மணிக்கு முன்னாடியே போட்டுக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம ஸ்பீட்போட் ஏறவே வேண்டாம். இன்னொண்ணு, சில ரிசார்ட்டுகள் தங்களுக்குன்னு தீவு நேரம்னு வெச்சிருக்கும், மாலே நேரத்தைவிட ஒரு மணி கூட. படகு நேரம் சொன்னா எந்த நேரம்னு கேட்டுக்கோ.

அடுத்தது பில். இணையத்துல 300 டாலர்னு பார்த்ததும் அதை ரூபாயா மாத்திக் கணக்குப் போடாதே. விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா, சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரலைன்னு அர்த்தம். 300 டாலருக்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தா 330. அதுக்கு மேல சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், 2025 ஜூலையிலேர்ந்து அதுதான் விகிதம். ஆச்சு 386. பசுமை வரி ரிசார்ட்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. ஆக 300ன்னு பார்த்த அறை 410 டாலர். படகோ சீப்ளேனோ இதுல சேரலை. ரிசார்ட்ல காபி, மசாஜ், படகுப் பயணம்னு எதைத் தொட்டாலும் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் ஏறும். வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவுன்னு மெயில்ல எழுதி வாங்கு. இங்கே ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா எடுத்தா டிசிஎஸ்ங்கிற வரியைப் பிடிப்பாங்க. அது வருமான வரிக் கணக்குல திரும்பக் கிடைக்கும், ரசீதைப் பத்திரமா வை.

சாப்பாட்டுத் திட்டத்தையும் சாதாரணமா நினைக்காதே. காலை உணவு மட்டும்னு எடுத்தா மத்த ரெண்டு வேளையும் அங்கேயேதான் வாங்கியாகணும். ஹாஃப் போர்டுன்னா காலையும் ராத்திரியும் உண்டு, ஆனா பல இடத்துல குடிக்கிற தண்ணிக்கே ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில பில் போடுவாங்க. குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு மூணு வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டு நல்லது. ஆல் இன்குளூசிவ்ல மதுவுக்கும் சேர்த்துத்தான் விலை வெச்சிருப்பாங்க, குடிக்காதவங்களுக்கு அது பெரும்பாலும் நஷ்டம்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு ராத்திரி விருந்துக்குக் கட்டாயமா தனிப் பணம் வாங்குற ரிசார்ட்டுகள் நிறைய, அதையும் கேளு.

குழந்தையோட போனா தண்ணி மேல இருக்கிற வில்லா வேண்டாம். மரத்தளத்துல நாலு படி இறங்கினா கடல், நிம்மதியா ஒரு நிமிஷம் கண் அசர முடியாது. குறிப்பிட்ட வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைங்களை அந்த வில்லாக்கள்ல அனுமதிக்காத ரிசார்ட்டும் இருக்கு, பெரியவங்களுக்கு மட்டும்னு இருக்கிற தீவும் இருக்கு. மணல் கரை வில்லாவே போதும். புதுசா கல்யாணம் ஆன ஜோடிக்கு ஆசை இருந்தா கடைசி ஒரு ராத்திரி மட்டும் தண்ணி வில்லாவுக்கு மாறிக்கலாம்.

பட்ஜெட் இடிக்குதுன்னு ஆசையை விட்டுடாதே. மாலத்தீவுல சுற்றுலா 1972ல குரும்பா ரிசார்ட்டோட ஆரம்பிச்சது. ரொம்ப காலம் வெளிநாட்டுக்காரங்க தங்குறதுன்னா ரிசார்ட் தீவுலதான். மக்கள் குடியிருக்கிற தீவுகள்ல விருந்தினர் விடுதி பெருகினது 2009, 2010 வாக்குல சட்டம் மாறின பிறகுதான். இன்னிக்கு மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா மாதிரி தீவுகள்ல ரெண்டு பேருக்கான அறை 100 டாலருக்குள்ளேயே கிடைக்கும், சின்ன விடுதிகள்ல பசுமை வரியும் 6 டாலர்தான். கடல் அதே கடல், அதே நீலம். மாஃபுஷிக்கு ஏர்போர்ட்லேர்ந்து ஸ்பீட்போட்ல முக்கால் மணிக்குள்ள போயிடலாம். மாலேயிலேர்ந்து அரசு ஃபெர்ரியும் உண்டு, ரொம்ப மலிவு, ஆனா வெள்ளிக்கிழமை ஓடாது. மாஃபுஷியில தங்கிக்கிட்டு ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்கு டே பாஸ்ல போய்ட்டு வரலாம். என்னைக் கேட்டா நம்மளை மாதிரி குடும்பத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி ஊர்த் தீவு, ஒரு ராத்திரி ரிசார்ட். இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

ஊர்த் தீவு அங்கே இருக்கிறவங்களோட வீடு, அதை மறக்காதே. முஸ்லிம் நாடு, ஊர்த் தீவுகள்ல மது கிடையாது. நீச்சல் உடையில குளிக்கத் தனியா கரை ஒதுக்கியிருப்பாங்க, அதைத் தாண்டி தெருவுக்கு வந்தா தோளும் முட்டியும் மூடின உடை வேணும். சுடிதார் எடுத்துட்டுப் போ, அதுவே போதும். ரம்ஜான் மாசத்துல பகல்ல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், தேதி பார்த்து புக் பண்ணு.

எப்போ போறது? டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வானம் தெளிஞ்சு, கடல் அமைதியா இருக்கும், விலையும் உச்சத்துல இருக்கும். மேயிலேர்ந்து நவம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து. மழை விட்டு விட்டுப் பெய்யும், விலை இறங்கும், படகுப் பயணம் கொஞ்சம் ஆட்டம் காட்டும். நம்ம பிள்ளைங்க லீவுக்குப் போறதா இருந்தா ஏப்ரல்லேயே போய்ட்டு வந்துடு, மே கடைசிக்குத் தள்ளாதே. ஆனா பா பவளத்திட்டுல ஹனிஃபரு விரிகுடாவுல மாண்டா திருக்கைகள் கூட்டமா வர்றது அந்தப் பருவக்காத்துக் காலத்துலதான். அதைப் பார்க்கணும்னு போறவங்களுக்கு மழை ஒரு விஷயமே இல்லை. திமிங்கலச் சுறாவுக்கு தெற்கு ஆரி பவளத்திட்டு, அதாவது திகுரா பக்கம். அங்கே வருஷம் முழுக்கப் பார்க்க வாய்ப்பு உண்டு.

சைவக்காரங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துல மாசின்னு சொல்றோமே, அந்தச் சூரை மீன் கருவாடு மாலத்தீவோட பிரதானச் சரக்கு. அங்கே மீன் இல்லாத பண்டம் குறைவு. காலையில மாஸ் ஹுனின்னு தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோட சூரை மீனைப் பிசைஞ்சு ரொட்டியோட தருவாங்க. அசைவம் சாப்பிடுறவங்க அவசியம் சாப்பிட்டுப் பாருங்க. டீக்கடையில சமோசா மாதிரி இருக்கிறதுக்குள்ளேயும் மீன்தான் இருக்கும். அதனால "வெஜிடேரியன்"னு மட்டும் சொல்லாம, மீன், மாசி, முட்டை எதுவும் கூடாதுன்னு புக் பண்ணும்போதே எழுதிடு. ரிசார்ட் சமையலறையில அநேகமா இந்தியச் சமையல்காரர் ஒருத்தர் இருப்பார். போன அன்னிக்கே அவரைப் பார்த்துப் பேசிட்டா மத்த நாள் கவலை இல்லை.

நமக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை, இறங்கினதும் இலவசமா முத்திரை குத்துவாங்க. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லுபடியாகிற மாதிரி இருக்கட்டும். தங்குற இட ரசீதும் திரும்பி வர்ற டிக்கெட்டும் கையில வேணும். இமுகாங்கிற பயணிப் படிவத்தைப் புறப்படுறதுக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ள நிரப்பணும். இலவசம்தான், யாராவது காசு கேட்டா அது போலித் தளம். டியூட்டி ஃப்ரீயில வாங்கின மது, பன்றி இறைச்சி, இ-சிகரெட் எதையும் உள்ளே விடமாட்டாங்க. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியல்ல இருக்கு. எப்பவும் பையில வெச்சிருக்கிற சின்னப் பிள்ளையாரை வீட்டு பூஜையறையிலேயே விட்டுட்டுப் போ.

பெட்டியில வைக்க வேண்டியது, காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, ஓஆர்எஸ் பொட்டலம், கொசு விரட்டி, மூணு சதுரப் பின் இருக்கிற பிளக் அடாப்டர். நாப்கின் தாராளமா எடுத்துக்கோ, ரிசார்ட் கடையில அதுக்கு யானை விலை. டிப்ஸ் கொடுக்க ஒண்ணு, அஞ்சு, பத்து டாலர் நோட்டுகளும் கொஞ்சம் இருக்கட்டும்.

இனி கடலுக்குள்ள. ரிசார்ட் எடுக்கும்போது கரையிலேர்ந்து நீந்திப் போற தூரத்துல பவளப்பாறை இருக்கான்னு கேளு. சில தீவுல சுத்தி வெறும் மணல்தான், மீன் பார்க்க ஒவ்வொரு தடவையும் படகுக்குக் காசு. ஸ்நார்க்கல் மாஸ்க் மாட்டும்போது முன்நெத்தி முடி ஒரே ஒரு இழை ரப்பர் ஓரத்துல சிக்கினாலும் தண்ணி உள்ளே இறங்கும். முடியை முழுசா பின்னால ஒதுக்கு, ஒட்டுப் பொட்டை எடுத்துடு, பெரிய மூக்குத்தியைக் கழட்டிடு. தாலிக்கொடி, கொலுசு எல்லாம் அறை லாக்கர்ல இருக்கட்டும், பவள இடுக்குல விழுந்தா கிடைக்காது. குப்புற மிதந்துக்கிட்டே மீனைப் பார்த்தா நேரம் போறது தெரியாது, முதுகும் முட்டிக்குப் பின்பக்கமும் வெந்து போயிடும். பூமத்திய ரேகை வெயில் அது. முழுக்கை நீச்சல் சட்டையும் முழுநீள லெக்கிங்ஸும் போட்டுக்கோ. நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் வேணும். இளநீலம் சட்டுன்னு கருநீலமா மாறுற இடத்துல ஆழமும் நீரோட்டமும் ஆரம்பிக்கும், வழிகாட்டி இல்லாம அதைத் தாண்டாதே. ஸ்கூபா பண்ணினா, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல ஒரு முழு நாள் இடைவெளி விடு.

பவளத்துக்கு உயிர் உண்டு. கடல் சூடாகி 1998லயும் 2016லயும் மாலத்தீவுப் பவளம் பெரும்பகுதி வெளுத்துப் போச்சு. தேறி வந்துக்கிட்டிருக்கிறதை நம்ம கால் மிதிச்சு உடைக்கக் கூடாது. பாறைன்னு நினைச்சு அது மேல நிக்காதே, ஆமையைத் துரத்தாதே, மீனுக்கு ரொட்டி போடாதே. பவளத் துண்டும் ஆமை ஓடும் நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தடை. பிள்ளைங்க ஆசையா பொறுக்கின சங்கு, சோழியைக்கூடக் கரையிலேயே போட்டுட்டு வரச் சொல்லு. அதுல பாதிக்குள்ள நண்டு குடியிருக்கும்.