வட்டம் வேண்டாம் என்று ஒருவர் வந்தால்

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வைர கவுன்டருக்கு உன்னை மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், "பேர், மார்க்கீஸ்னு வேற வடிவம் கேட்டு வர்றவங்களுக்கு வைரமே தெரியாது மாமா. நைசாப் பேசி வட்டக் கல்லுக்குத் திருப்பிடுவேன்" என்றாய். பெருமையாகத்தான் சொன்னாய். நான் அப்போதே பதில் சொல்லியிருந்தால் 'சரி மாமா, சரி மாமா' என்று வைத்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். கவுன்டரில் வைத்துப் படிக்காதே, சாப்பாட்டு நேரத்தில் படி.

நீ செய்கிறதை நானும் செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷம் இருக்கும். ஒரு டீச்சரம்மா வந்தார். நாற்பது தாண்டிய வயது, கூட யாரும் வரவில்லை. சீட்டு எடுத்த பணம், முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு வைர மோதிரம். விரல் குட்டை, நடு மூட்டு கொஞ்சம் புடைத்திருக்கும். தட்டில் ஓரமாகக் கிடந்த, இரு முனையும் கூரான ஒரு மார்க்கீஸ் மோதிரத்தை எடுத்துப் போட்டார். கையை மேஜை மேல் வைத்துப் பார்த்தார், மடியில் வைத்துப் பார்த்தார், சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கிப் பார்த்தார். கழற்ற மனசே வரவில்லை. நான் விட்டேனா? "நாளைக்கு மாத்த வந்தா இதுக்கு விலை நிக்காதுங்கம்மா. வைரம்னா வட்டம்தான்" என்று சொல்லி வட்டத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார். முதலாளி என் முதுகில் தட்டினார்.

மூன்று வருஷம் கழித்து அதையே மாற்றிக் கம்மல் எடுக்க வந்தார். மோதிரத்தைத் திருப்பி உள்வளையத்தைப் பார்த்தேன். பாலிஷ் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. விரலில் கிடந்த மோதிரம் அப்படி இருக்காது. "போடவே இல்லீங்களா?" என்று கேட்டேன். "நீங்க சொன்னீங்களேன்னு வாங்குனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதைச் சொல்வதால் வட்டத்தை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. வட்டக் கல்லைப் போல் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிற வடிவம் வேறில்லை. மார்செல் டோல்கோவ்ஸ்கி என்கிற ஆன்ட்வெர்ப்காரர் 1919இல் கணக்குப் போட்டே எழுதிவிட்டார்: மேல் பட்டை எத்தனை டிகிரி சாய வேண்டும், அடிப் பட்டை எத்தனை டிகிரி, மேஜை என்கிற உச்சித் தட்டை முகம் எவ்வளவு அகலம் என்று. 57 பட்டை. உள்ளே போன வெளிச்சம் அடியில் ஒழுகிப் போகாமல் மேலேயே திரும்பி வர வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. ஜி.ஐ.ஏ. ஆய்வகத்தின் சர்டிபிகேட்டிலும் 2006 முதல் வட்டக் கல்லுக்குத்தான் 'கட்' என்று தனியாகத் தரம் போடுகிறார்கள்.

நம் ஜனங்களுக்கு வட்டம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அளவில் ஐந்து ரூபாய் நாணயம் ஏழு எடுத்து மேஜையில் வை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. நெருக்காமல், இடைவெளி விடாமல் ஆறும் நடுக்காசைத் தொட்டுக்கொண்டு உட்காரும். ஐந்தும் சேராது, ஏழும் சேராது. ஏழு கல் தோடு அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பாட்டி காலத்திலிருந்து தோட்டிலும் மூக்குத்தியிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வைரம் என்றாலே வட்டம் என்று ஆகிவிட்டது. தோட்டுக்கு அது சரி. ஒற்றைக் கல் மோதிரத்துக்குப் பக்கத்துக் கல்லோடு ஒட்ட வேண்டிய கட்டாயமே கிடையாதே.

அந்த டீச்சரம்மா கண்டது விரலை. ஒரு காரட் வட்டக் கல் குறுக்கே ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர். அதே ஒரு காரட்டை மார்க்கீஸாக வெட்டினால் நீளம் பத்து மில்லிமீட்டர் பக்கம் வரும், அகலம் ஐந்து. ஓவல் என்றால் ஏழே முக்காலுக்கு ஐந்தே முக்கால். எடை மாறவில்லை, ஆனால் கண் நீளத்தோடு ஓடுகிறது. குட்டை விரல் நீண்டு தெரியும், புடைத்த மூட்டிலிருந்து பார்வை விலகும். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கியபோதே கண்டுபிடித்துவிட்டார். வைரம் தெரிந்த எனக்குத்தான் அது தெரியவில்லை.

அடுத்து எமரால்ட் கட். அதைக் கேட்டால் பச்சைக் கல்லை நினைத்துக் கேட்கிறவர்களும் உண்டு, சிரித்து வைக்காதே. மரகதம் சீக்கிரம் உடையும், கூர் மூலை நிற்காது. அதனால் மூலையை வெட்டிவிட்டு நீளப் பட்டையாகப் படிப்படியாகச் சீவினார்கள், அந்த வெட்டு வைரத்துக்கும் வந்தது. தெப்பக்குளத்தின் கரையில் நின்று குனிந்து பார்த்தால் படி படியாக இறங்கிக் கடைசியில் தண்ணீர் தெரியுமே, அந்தக் கல்லும் அப்படித்தான். வட்டக் கல் பொடிப்பொடியாக மினுக்கும். இது மினுக்காது. கையை அசைக்கும்போது ஒரு பட்டை முழுக்கப் பளீரென்று ஒரு தடவை அடிக்கும், அப்புறம் அமைதியாகிவிடும். கோர்ட்டில், ஆபீஸில் மேஜைக்கு மேல் கையை வைத்துப் பேசுகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த அமைதிதான் வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கும் இது பிடிக்கும். "இது மினுக்கலையே" என்று நீயே சொல்லிக் கொடுத்து அவர்களைக் கலைக்காதே.

ஆனால் இதில் நீ உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குளத்துத் தண்ணீர் தெளிவாக இருந்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரியும். வட்டக் கல்லின் மினுமினுப்பில் ஒளிந்துகொள்கிற புள்ளி, எமரால்ட் கட்டில் மேஜைக்கு நடுவே பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருக்கும். லேசான மஞ்சளும் கூடுதலாகத் தெரியும். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் மதுரைக் கடைத்தெரு வருகிற இடத்திலேயே வைரத்தின் குற்றங்களுக்குப் பெயர் இருக்கிறது. காகபாதம் அதில் ஒன்று. இன்றைக்கும் ஒரு பாட்டி வந்து "காக்காய்க் கால் இருக்கானு பாரு தம்பி" என்று கேட்டால் மூடநம்பிக்கை என்று ஒதுக்காதே. எமரால்ட் கட் வாங்க அந்தப் பாட்டிதான் சரியான துணை. தெளிவுத் தரத்தில் எஸ்.ஐ. வாங்கிய கல்லை இந்த வெட்டில் விற்காதே. வி.எஸ்.ஸுக்குக் கீழே இறங்காதே.

விலை கம்மி என்பதால்தான் வேறு வடிவம் கேட்கிறார்கள் என்று நீ அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாயே, அது பாதி உண்மை. முதலாளியோடு ஒருமுறை சூரத் போனேன். மகிதர்புராவில் தெருவில் நின்றபடியே காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வியாபாரம் பேசுகிறார்கள். டீக்கடை வாசலில் லட்சக்கணக்கில் கை மாறுகிறது. ஒரு பட்டறைக்குள் கூட்டிப் போய்க் காட்டினார்கள். பட்டை தீட்டாத கல்லைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, அதற்குள் என்ன வடிவம் எப்படிப் படுக்கும் என்று ஒரு பையன் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தான். நல்ல எட்டு முகக் கல்லிலேயே வட்டம் எடுத்தால் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அதில் சதுர பிரின்சஸ் எடுத்தால் சேதாரம் குறைவு, ஏனென்றால் அடியில் அது பிரமிடு மாதிரியேதான் இறங்குகிறது. நீளமாக விளைந்த கல் ஓவலாக, மார்க்கீஸாகப் போகும். தட்டையாக முக்கோணமாக ஒரு ஜாதி உண்டு, மேக்கிள் என்பார்கள், அதில் இதயமும் பேரும் எடுப்பார்கள். சேதாரம் குறைந்தால் விலையும் இறங்கும். ரேப் லிஸ்ட் என்கிற விலைப் பட்டியலிலேயே வட்டத்துக்குத் தனித் தாள், மற்ற வடிவங்களுக்கெல்லாம் பேர் வடிவத் தாள்தான் அடிப்படை. நீ பார்த்திருப்பாய்.

மீதிப் பாதியையும் கேள். இப்போது லேபில் வளர்த்த வைரம் வந்து விலை எங்கேயோ இறங்கிவிட்டது. காசுக்காகத்தான் ஓவல் கேட்டார்கள் என்றால், லேப் கவுன்டரில் எல்லாரும் வட்டத்தைத்தானே அள்ளிக்கொண்டு போக வேண்டும்? உன் கடையில் அங்கே என்ன நடக்கிறது என்று நீயே பார். ஓவலும் எமரால்டும் கேட்டுத்தானே வருகிறார்கள்?

இன்னொன்று, இதையெல்லாம் புதுசாக வந்த ஃபேஷன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. நீ மண்ணடியிலிருந்து கடற்கரை ஸ்டேஷனில் ஏறி மாம்பலம் போகிறபோது முதலில் கோட்டை ஸ்டேஷன் வருகிறதே, அந்தக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், 1702இல் நம் மெட்ராஸில் வைத்துத்தான் 410 காரட் கல் ஒன்றை 48,000 பகோடா கொடுத்து வாங்கினார். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்துக் கல். லண்டனில் இரண்டு வருஷம் வெட்டி 140 காரட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு பிரான்ஸ் அரசுக்குப் போய், இன்றைக்குப் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ரீஜென்ட் என்ற பெயரோடு இருக்கிறது. அது வட்டம் இல்லை, குஷன். நான்கு மூலையும் மழுங்கிய திண்டு மாதிரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு வெட்டிய காலத்து வடிவம் அது. உன் தட்டில் கேட்பாரில்லாமல் கிடக்கிற குஷன் மோதிரத்துக்கு டோல்கோவ்ஸ்கி வட்டத்தைவிட வயது அதிகம்.

சரி, குறையையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஜி.ஐ.ஏ. சர்டிபிகேட்டில் இந்த வடிவங்களுக்குக் கட் தரம் இல்லை, பாலிஷும் சிமெட்ரியும்தான் இருக்கும். அப்படியென்றால் உன் கண்தான் சர்டிபிகேட். ஓவல் கல் ஒன்றை ட்வீசரில் பிடித்து நேர் மேலிருந்து பார். நடுவில் குறுக்கே பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஒரு கருப்பு தெரியும். அது அழுக்கு இல்லை, உன் தலை. அந்த இடத்துப் பட்டைகள் நீ நிற்கிற திசையிலிருந்துதான் வெளிச்சத்தை வாங்குகின்றன, உன் தலை அதை மறைத்துவிடுகிறது. தலையை ஒரு சாண் தள்ளு, கல்லைக் கொஞ்சம் சாய். நல்ல கல்லில் இறக்கை கரைந்துவிடும். எப்படிச் சாய்த்தாலும் கரையாத கல்லைப் பொட்டலத்தோடு திருப்பி அனுப்பு. மார்க்கீஸ், பேர் இரண்டுக்கும் இதே சோதனைதான். ஸ்பாட் லைட்டுக்குக் கீழே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, கண்ணாடிச் சில்லும் அங்கே மின்னும். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போ. வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு போ.

கூர் முனை இருக்கிற கல்லை நகம் மூடிப் பிடிக்க வேண்டும், வி மாதிரி மடித்த நகம். மார்க்கீஸுக்கு இரண்டு முனை, பேருக்கு ஒன்று, பிரின்சஸுக்கு நாலு மூலை. நகம் தேய்ந்தால் முதலில் சேலை நூல் மாட்டும், அப்புறம் முனை சில்லுப் போகும். வாங்குகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று கேள். நாள் முழுக்கக் கையுறை போட்டுக் கழற்றுகிற நர்ஸுக்கு ஓவல் சௌகரியம், மார்க்கீஸ் தொல்லை. மாற்ற வரும்போது வட்டம் அளவுக்குச் சீக்கிரம் கை மாறாது என்பதையும் சொல்லிவிடு. நான் டீச்சரம்மாவிடம் சொன்னதும் அதுதான், பொய்யில்லை. ஆனால் ஒருதரம் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் மாற்றுவதற்காகவா மோதிரம் வாங்க வந்தார்?

இனிமேல் யாராவது ஓரத்துத் தட்டைக் காட்டிக் கேட்டால், வட்டத்தை எடுப்பதற்கு முன்னால் அந்த மோதிரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இரு. கண்ணாடியைப் பக்கத்தில் நகர்த்தி வை. விரலை எப்படி மடக்குகிறார், எதை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறார் என்று கவனி. சூப்பர்வைசர் முறைத்தால் மாமா சொன்னதாகச் சொல்லாதே, வேலைக்கு உலை வைத்தேன் என்று உன் அம்மா என்னைத்தான் பிடிப்பாள்.

இந்தக் கடிதத்தோடு என் பத்து மடங்கு லூப்பையும் டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். கடையில் கொடுக்கிற லூப்பில் ஓரமெல்லாம் கலங்கலாகத் தெரியும், இதில் தெரியாது. கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு கல்லைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், நினைவிருக்கட்டும். மூடி கொஞ்சம் இறுக்கம். பல்லால் கடித்துத் திறக்காதே.

இப்படிக்கு,
மாமா