மன்னித்தால் உரிமை போய்விடுமா?

கேள்வி: அப்பா காலமான பிறகு, வாரிசு வேலைக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் என்னைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். நம்பிப் போட்டேன். வீட்டில் எனக்குள்ள பங்கை அவருக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது என்று போன வருடம்தான் தெரிந்தது. இப்போது என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. “தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி? மன்னித்துவிடு” என்கிறார் அம்மா. அண்ணன் நம் வாசற்படி மிதிக்கக் கூடாது என்கிறார் கணவர். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. மன்னித்தால், அண்ணன் செய்தது சரியென்று ஆகிவிடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆகாது, சகோதரி. அண்ணன் செய்தது துரோகம். அதைத் துரோகம் என்று சொல்வதில்தான் மன்னிப்பே தொடங்குகிறது. தவறு நடக்காத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது?

உங்கள் அம்மா ஒரே சொல்லில் மூன்று காரியங்களைக் கேட்கிறார்: கசப்பை விடு, அண்ணனோடு பழையபடி பழகு, வீட்டை மற. முதலாவது உங்கள் மனம் சார்ந்தது. அதற்கு அண்ணனின் சம்மதம்கூட வேண்டாம். இரண்டாவதற்கு அவர் தவற்றை ஒப்புக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது சட்டத்தின் விஷயம்.

மன்னிப்பும் சட்டமும் தனித்தனியே நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்காக உழைத்த கிரகாம் ஸ்டெய்ன்ஸ் தம் இரு மகன்களோடு வண்டிக்குள் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கிளாடிஸ் பாரிபடாவில் கணவரின் தொழுநோயாளிகள் பணியைத் தொடர்ந்தார். 2005இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய வாழ்நாளை வெறுப்பு தின்றுவிடாமல் காத்தது அந்த மன்னிப்பு.

மன்னிப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன், 1996 புத்தாண்டையொட்டித் தம் தாயைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது வேறு, மனம் ஆறுவது வேறு என்கிறார் அவர். முடிவை இன்றே எடுக்கலாம். மனம் ஆற மாதங்கள் ஆகும். நடுவில் கோபம் திரும்பவும் வரும். வந்தால், மன்னிப்பு பொய்யாகிவிட்டதென்று நினைக்க வேண்டாம். எடுத்த முடிவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோபம் தலைதூக்கும் நாளில் எடுத்துப் படியுங்கள்.

ஆனால் சட்டத்துக்குக் கெடு உண்டு. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். உங்களுக்கு ஓராண்டு போய்விட்டது. பத்திர நகலோடு ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு அண்ணனை அழைப்பதா என்பதை நீங்களும் மகளும் முடிவு செய்யுங்கள். அழைத்தால், சொத்துப் பேச்சு தனி என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அழைக்காவிட்டாலும் நீங்கள் மன்னிக்காதவர் ஆகமாட்டீர்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனாஸின் இலவச எண் 14416-லும் பேசலாம்.

வழக்கறிஞரைப் பார்ப்பதையும் மனக்கசப்பை விடுவதையும் இந்த வாரமே தொடங்குங்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.