சின்னக் கப்பல் பெங்கால்

பெங்கால் என்பது ஒரு கப்பலின் பெயர். அது ஒரு போர்க் கப்பல். ஆனால் பெரிய கப்பல் அல்ல. அதன் நீளம் 186 அடிதான். ஆறு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவு நீளம்.

இந்த வகைக் கப்பலுக்குக் கார்வெட் என்று பெயர். கார்வெட் கப்பல் என்ன வேலை செய்யும்? எதிரிகள் கடலில் கண்ணிவெடிகளைப் போட்டு வைப்பார்கள். அவற்றை அகற்றும். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போகும். ஒரு வழித்துணை என்று சொல்லலாம். பெரிய போர்க் கப்பலோடு மோதுவதற்காக இதைக் கட்டவில்லை.

ஆஸ்திரேலியாவில் இப்படி 60 கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றில் நான்கு இந்தியக் கடற்படைக்கு வந்தன. பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். எல்லாம் அன்றைய மாகாணங்களின் பெயர்கள். பெங்கால் சிட்னி நகரத்துக் கப்பல் தளத்தில் உருவானது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பணியில் சேர்ந்தது.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் மாதம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. கொழும்பும் திருகோணமலையும் தப்பவில்லை. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்குப் போனார்கள். அந்தக் கதைகளை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கடற்படையும் அவர்கள் கையில்தான் இருந்தது. அதிகாரிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர். மாலுமிகள் இந்தியர். பெங்கால் கப்பலின் தலைவர் வில்சன் என்ற ஆங்கிலேயர்.

1942 நவம்பரில் பெங்கால் இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் துறைமுகத்தில் இருந்து டீகோ கார்சியா தீவுக்குப் போகும் பயணம். கூடவே ஒன்டினா என்ற எண்ணெய்க் கப்பலும் வந்தது. அது டச்சு நாட்டுக் கப்பல். அதற்குத் துணையாகப் போவதுதான் பெங்காலின் வேலை.

நவம்பர் 11ஆம் தேதி. நண்பகல் நேரம். சுற்றிலும் கடல். கரை எங்கேயும் இல்லை. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டும் ஜப்பானியக் கப்பல்கள். ஒன்றின் பெயர் ஹோகோகு மாரு. மற்றொன்று ஐகோகு மாரு.

இவை முதலில் பயணிகளும் சரக்கும் ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல்கள். போர் வந்ததும் பீரங்கிகளைப் பொருத்திவிட்டார்கள். கடலில் தனியாகப் போகும் கப்பல்களைப் பிடிப்பதும் மூழ்கடிப்பதும் இவற்றின் வேலை. அதே ஆண்டில் ஜெனோட்டா, ஹௌராக்கி என்ற இரண்டு கப்பல்களை இப்படிப் பிடித்திருந்தன.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானியக் கப்பல் ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பெங்கால் 700 டன் அளவுதான். ஜப்பானியக் கப்பல்களில் பெரிய பீரங்கிகள் பல இருந்தன. டார்பிடோக்களும் இருந்தன. டார்பிடோ என்பது தண்ணீருக்குள் ஓடிப் போய் வெடிக்கும் குண்டு. பெங்காலில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று. அதன் வாய் அகலமும் மூன்று அங்குலம்தான். ஒன்டினாவிலும் ஒரு பீரங்கி இருந்தது. அது நான்கு அங்குலம். அதற்கு இருந்த குண்டுகள் 32.

தப்பித்து ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கடலில் வேகத்தை ‘நாட்’ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஒன்டினாவின் வேகம் 12 நாட். பெங்காலின் வேகம் 15 நாட். ஜப்பானியக் கப்பல்களின் வேகம் 21 நாட். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வில்சன் ஒரு முடிவு எடுத்தார். ஒன்டினாவைத் தப்பித்துப் போகச் சொன்னார். பெங்காலை எதிரியின் பக்கம் திருப்பினார். நேராக ஹோகோகு மாருவை நோக்கிப் போகச் சொன்னார். சின்னப் பீரங்கி தூரத்தில் இருந்து சுட்டால் பயன் இல்லை. கிட்டே போனால்தான் அடி விழும். ஆனால் கிட்டே போனால் எதிரியின் குண்டும் குறி தவறாது. இது தெரிந்துதான் மாலுமிகள் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்டினாவும் ஓடிவிடவில்லை. அதுவும் சுட்டது. சண்டை தொடங்கிச் சிறிது நேரத்தில் ஹோகோகு மாருவில் ஒரு குண்டு விழுந்தது. டார்பிடோ வைத்திருந்த இடத்தின் பக்கம் தீப்பிடித்தது. தீ வெடிமருந்துக்குப் பரவியது. பெரிய வெடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெரிய கப்பல் கடலில் மூழ்கியது. அதில் இருந்த 354 பேரில் 76 பேர் இறந்தார்கள்.

அந்தக் குண்டு யாருடையது? பெங்கால் சுட்டதா, ஒன்டினா சுட்டதா? பெங்காலில் இருந்தவர்கள் தங்கள் குண்டு என்றார்கள். ஒன்டினாவில் இருந்தவர்கள் தங்கள் குண்டு என்றார்கள். ஒன்டினாவின் பீரங்கி பெரியது. அதனால் அவர்கள் சொல்வதைத்தான் பலர் ஏற்கிறார்கள். ஆனாலும் வழக்கு முழுதாகத் தீரவில்லை. எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தது பெங்கால். அதை யாரும் மறுப்பதில்லை.

ஐகோகு மாரு மட்டும் மிஞ்சியது. பெங்காலில் குண்டுகள் தீரும் நிலைக்கு வந்துவிட்டன. கப்பலிலும் அடி விழுந்திருந்தது. ஒன்டினாவும் பலமாக அடிபட்டது. அது இனித் தப்பாது என்று வில்சன் நினைத்தார். புகையைத் திரைபோலப் பரப்பினார். அந்தத் திரைக்குப் பின்னால் பெங்கால் விலகிப் போனது. டீகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. பெங்காலில் ஒரு மாலுமிகூட உயிர் இழக்கவில்லை. ஒன்டினா மூழ்கிவிட்டது என்று அங்கே செய்தி கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்டினா மூழ்கவில்லை!

அதன் தலைவர் ஹோர்ஸ்மன் குண்டு பட்டு இறந்தார். 32 குண்டுகளும் தீர்ந்துபோயின. மற்றவர்கள் படகுகளை இறக்கிக் கடலில் குதித்தார்கள். படகில் இருந்தவர்களையும் ஐகோகு மாரு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. கையில் ஆயுதம் இல்லாதவர்களைச் சுட்டது பெரிய கொடுமை. சிலர் அங்கேயே மாண்டார்கள். டார்பிடோ பட்டு ஒன்டினா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இனி அது தானே மூழ்கிவிடும் என்று ஐகோகு மாரு தன் ஆட்களைக் காப்பாற்றப் போய்விட்டது.

எண்ணெய்க் கப்பலுக்குள் தனித்தனித் தொட்டிகள் இருக்கும். ஒரு தொட்டி உடைந்தால் மற்றத் தொட்டிகள் கப்பலைத் தாங்கும். ஒன்டினா மிதந்துகொண்டே இருந்தது. படகில் இருந்தவர்கள் திரும்பி ஏறினார்கள். தீயை அணைத்தார்கள். கப்பலை நிமிர்த்தினார்கள். இயந்திரத்தை ஓட்டினார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஃப்ரீமேண்டில் துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்! துறைமுகத்தில் இருந்தவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள்.

வில்சன் விட்டுவிட்டுப் போனது சரியா? குண்டு இல்லாத கப்பல் அங்கே நின்று என்ன செய்யும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. வழித்துணைக்கு வந்தவர் கடைசிவரை இருக்க வேண்டாமா என்று மறு பக்கம் தோன்றுகிறது. நீங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள்.

1945இல் போர் முடிந்தது. 1947இல் நாடு விடுதலை பெற்றது. கடற்படைக் கப்பல்களையும் இந்தியாவும் பாகிஸ்தானும் பிரித்துக்கொண்டன. பெங்கால் இந்தியாவுக்கு வந்தது. 1950இல் இந்தியா குடியரசு ஆனது. கப்பலின் பெயருக்கு முன்னால் இருந்த அரசரின் அடையாளம் போனது. அது ஐ.என்.எஸ். பெங்கால் ஆனது.

அதன் பிறகு அதற்கு ரோந்து வேலை. கரையோரமாகச் சுற்றி வந்து காவல் காக்க வேண்டும். இன்று இந்த வேலைக்குக் கடலோரக் காவல் படை இருக்கிறது. அந்தப் படை 1978இல்தான் சட்டப்படி அமைந்தது. அதற்கு முன் கடற்படைக் கப்பல்கள்தான் இதையும் பார்த்தன. இரண்டு பெரிய கப்பல்களை எதிர்த்த பெங்கால், ஊர்க்காவலர்போல நம் கரையைச் சுற்றி வந்தது. பெரிய செய்தி எதுவும் இல்லை. காவல் வேலையில் செய்தி இல்லாமல் இருப்பதே நல்லது.

1960இல் பெங்காலைப் பணியில் இருந்து நீக்கினார்கள். பிறகு உடைத்துவிட்டார்கள். ஐகோகு மாரு 1944இலேயே அமெரிக்க விமானங்களின் குண்டுக்கு இரையாகிவிட்டது. ஒன்டினா போருக்குப் பிறகும் எண்ணெய் ஏற்றி ஓடியது. 1959இல் அதையும் உடைத்தார்கள்.

60 கார்வெட் கப்பல்களில் இரண்டு மட்டும் இன்றும் ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு இருக்கின்றன. காசில்மெய்ன், வயாலா என்பவை அவற்றின் பெயர்கள். பெங்கால் எப்படி இருந்தது என்று அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்: உலக வரைபடத்தில் ஃப்ரீமேண்டில், டீகோ கார்சியா இரண்டையும் தேடுங்கள். நடுவில் விரலை வைத்துக் கோடு இழுங்கள். ஒரு நாட் 1.85 கிலோமீட்டர் என்றால் 15 நாட் எத்தனை கிலோமீட்டர்?